நாங்கள் ஜெயித்த கிணறு

வழக்கில் தோற்றவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பாவம், நியாயம் கிடைக்கவில்லை என்பார்கள். டீ வாங்கித் தருவார்கள். ஜெயித்தவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. நான் வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கு நடத்தியிருக்கிறேன். அதில் முழுமையாக, எதிர்ப்பே இல்லாமல், செலவுத் தொகையோடு ஜெயித்தேன். அதனால் இன்றுவரை யாரிடமும் புகார் சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபர். வஞ்சியூரில் கோர்ட்டுகள் இருக்கும் வளாகத்தில் மூலை பெஞ்சில் உட்கார்ந்து, நாகர்கோயில்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஏதாவது வந்தால் எழுதி, மாலை பஸ்ஸில் அனுப்புவது வேலை. வழக்கு தாக்கலாகும் நாளும் தீர்ப்பு வரும் நாளும்தான் செய்தி. இடையில் இருக்கும் வருடங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது செய்தி இல்லை. இந்த அறிவோடுதான் ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்த சந்தில் எனக்கு "கோர்ட்டு சார்" என்ற பெயர் கிடைத்தது. நான் அதை ஒருமுறைகூடத் திருத்தவில்லை. (வக்கீல்கள் அணியும் கறுப்பு நிறத்துக்கு நெருக்கமான ஒரு கால்சட்டை அப்போது என்னிடம் இருந்தது. அதை அடிக்கடி அணிந்தேன்.)

நாங்கள் இருந்தது லைன் வீடு. நீளமான ஒரே ஓட்டுக் கூரை, அதன் கீழ் வரிசையாக நாலு குடித்தனம், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. சொந்தக்காரர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. வீடுகளுக்கு முன்னாலேயே அவருடைய மண்டி. சந்தில் எல்லோரும் அவரை வத்தல் அண்ணாச்சி என்போம். வெள்ளை வேட்டி, சந்தனம், குரல் உயர்த்தாத மனிதர். அவர் மண்டியில் மூட்டை பிரிக்கிற நாளில் சந்து முழுவதும் தும்மும். அவர் மட்டும் தும்ம மாட்டார்.

அண்ணாச்சிக்கு எங்கள் லைன் வீடு கிடங்குக்கு வேண்டியிருந்தது. வாடகைச் சட்டம் குறுக்கே நின்றது. வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவனை நினைத்த மாதிரிக் கிளப்ப முடியாது. அவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, "தம்பிக்கு இதவிட நல்ல எடம் கெடைக்கும்லா" என்று என்னிடம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

எனக்கு அடுத்த வீட்டில் எஸ்தர் அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கணவர் எங்கோ போனவர், திரும்பவில்லை. விடியுமுன் புட்டும் கடலையும் கஞ்சியும் செய்து, சாலை என்று ஊரே சொல்லும் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு வீட்டு வாசலிலேயே விற்பார். அந்த வாசலும் அடுப்பும் போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூட்டைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து குந்திச் சாப்பிடக்கூடிய இன்னொரு வாசலை அவரால் பிடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

அப்போதுதான் காலரா வந்தது. கிழக்கே ஏதோ ஒரு தீவில் தொடங்கி, நாடு நாடாக, கப்பல் கப்பலாகப் பல வருடங்களாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலரா. சாலைக்குப் பின்னால் உள்ள தெருக்களுக்கு வர அதற்கு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. சுகாதார இலாகாவிலிருந்து ஆள் வந்து அகப்பட்டவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார். (எனக்குப் போடவில்லை. நிருபர் என்று சொல்லி அன்று தப்பித்தேன்.) வீட்டு வாசலில் பலகாரம் விற்கக் கூடாது என்றார். கிணற்றை எட்டிப் பார்த்து, பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கிணற்றுக்கு மேல் ஒரு மரமூடி, அதைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

நான் மண்டிக்குப் போனேன்.

"கெணத்தப் பூட்டச் சொல்லலியே அண்ணாச்சி. பவுடர் போடத்தான சொன்னாங்க?"

"பவுடர் போட்டா மட்டும் போதுமா தம்பி? புள்ளகுட்டிக குடிச்சிரப்பிடாதுல்லா. நோய் அடங்கட்டும், தொறந்து விடுவோம்."

"அதுவரைக்கும் வெள்ளத்துக்கு?"

"தெருவுல பைப்பு இரிக்கே."

தெருவில் பைப் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதற்கு ஆரியசாலையில் பாதி நிற்கும். கஞ்சி வைக்கிற அளவுக்குத் தண்ணீர் பிடித்து முடிக்கும் நேரத்தில் மூட்டைக்காரர்கள் வேறு இடத்தில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். பலகாரத்துக்கு வந்த தடை சில வாரங்களில் போய்விடும். தண்ணீர் இல்லாமல் அந்த வீட்டில் எத்தனை வாரம் இருப்பார்கள் என்பதுதான் அண்ணாச்சியின் கணக்கு. வாடகைச் சட்டத்தால் முடியாததைக் காலரா செய்து கொடுக்கும். இது எனக்கு அன்றே புரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் சரியாகத்தான் இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இனிமேல் அந்த வாய்ப்பு வராது.

எஸ்தர் அக்கா அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிட்டார்.

"தள்ளி நில்லுங்கோ சாரே. ஒரே போடு. பூட்டு தெறிச்சுப் போவும்."

"அக்கா, வேண்டாம். பூட்டை உடைச்சா நாம குற்றவாளி. சட்டப்படி போனா அவரு குற்றவாளி."

"சட்டப்படி போனா எப்ப வெள்ளம் கிட்டும்?"

"சீக்கிரம்."

அவர் குழவியைக் கீழே வைத்தார். அந்தக் குழவியை அன்று நான் தடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பூட்டு உடைந்திருக்கும், அண்ணாச்சி திட்டியிருப்பார், யாராவது பவுடர் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்குள் என் மனைவி பகவதி பைப்பில் பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அதனால் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கியளா?"

"இல்ல."

"கேஸு நடத்தியிருக்கியளா?"

"பாத்திருக்கேன்."

"சரி" என்று சொல்லி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த "சரி" இன்னும் முடியவில்லை.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். மலையாளி. தமிழை நன்றாகவே பேசுவார், நடுநடுவே சொந்தப் பாஷைக்குப் போய் வருவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இது சின்னக் கேஸ் சாரே. குடியிருக்கிறவனுக்க வெள்ளத்த முடக்கக் கூடாது. ஒரு இஞ்சங்ஷன், தடை உத்தரவு, வாங்கினா மதி. முதலாளி தானே தொறக்கும்."

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். நான் கேட்டேன், "கமிஷன் போட முடியாதா?"

கமிஷன் என்றால், கோர்ட்டே ஒரு வக்கீலை அனுப்பி, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்வது. அந்த ஆளையும் மக்கள் கமிஷன் என்றுதான் சொல்வார்கள். கமிஷன் ஒரு தெருவுக்கு வந்தால் அது திருவிழா. குடை, கறுப்புக் கோட்டு, அளக்கிற டேப், இரண்டு பக்க வக்கீல், வேடிக்கை பார்க்க நூறு பேர். எங்கள் பத்திரிகை அந்த மாதிரிச் செய்திக்கு அரைப்பத்தி இடம் தரும். சாதாரணத் தடை உத்தரவுக்கு நாலு வரி.

"எந்தினு சாரே கமிஷன்? வெறுதே நாளாகும்" என்றார் வக்கீல்.

"உண்மை வெளிய வரணும் சார்" என்றேன். எனக்கு வேண்டியிருந்தது அரைப்பத்தி.

கமிஷன் வந்த நாள் நல்ல வெயில். வந்தவருக்கு வக்கீல் தொழிலில் அதுதான் முதல் கமிஷன் என்று முகத்திலேயே தெரிந்தது. மீசை சரியாக வளராத மலையாளிப் பையன். கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. சட்டைக்குள் வியர்வை ஓடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. அண்ணாச்சியின் பக்கத்து வக்கீல் ஒரு தமிழர், வயதானவர், வந்ததிலிருந்து நிழலைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் வேறு கேஸில் மாட்டிக்கொண்டு வரவில்லை. (அவருடைய ஜாதகம் நல்ல ஜாதகம்.) அவருக்குப் பதிலாக நானே பேசினேன்.

அண்ணாச்சி சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். மூடியை இரண்டு பேர் தூக்கினார்கள். இத்தனை நாளும் மூடிக் கிடந்த கிணறு. பவுடர் போடவில்லை, பூட்டியாயிற்றே என்று. நடுவில் பெய்த மழையில் பக்கத்துச் சாக்கடை பொங்கிச் சந்துக்குள் ஓடியிருந்தது. இந்த இரண்டு தகவலும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. நிருபரும்தான்.

கமிஷன் எட்டிப் பார்த்தார். "தெளிவாத்தான இரிக்கு" என்று எழுதிக்கொண்டார்.

"தெளிவா இருந்தா நல்லதுன்னு அர்த்தம் ஆகுமா?" என்றார் அண்ணாச்சியின் வக்கீல், நிழலிலிருந்து. "நோய் காலம். ஜனங்களோட நன்மைக்காகத்தான் என் கட்சிக்காரர் பூட்டினாரு."

கமிஷன் என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாளியை நானே இறக்கினேன். நானே இழுத்தேன். செம்பில் மொண்டேன்.

வீட்டு வாசலில் நின்ற பகவதி மெல்லக் கேட்டாள். "கொதிக்க வச்சுக் குடிக்கலாம்லா?"

"கொதிக்க வச்ச தண்ணி சாட்சியாகாது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

குடித்தேன். முழுச் செம்பு. நூறு பேரில் சிலர் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. தண்ணீர் குடித்ததற்காக.

அத்தோடு நின்றிருந்தால் நான் ஒருவன்தான் முட்டாள். எஸ்தர் அக்காவுக்கு உபசாரம் செய்யாமல் இருக்கப் பொறுக்கவில்லை. கோர்ட்டிலிருந்து ஒரு மனிதர் வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறார், வெயிலில் நிற்கிறார், ஒரு வாய் எதுவும் கொடுக்காமல் அனுப்புவதா? மார்த்தாண்டத்தில் அப்படி வளர்க்கவில்லை. வாளியில் மீதியிருந்த தண்ணீரை அப்படியே எடுத்துப் போய் நாரங்கா வெள்ளம் கலக்கினார். நாரங்கா வெள்ளம் என்றால் எலுமிச்சைச் சாறு. அந்த ஊரில் தண்ணீர் எல்லாமே வெள்ளம்தான். சர்க்கரை, கொஞ்சம் உப்பு, தட்டின இஞ்சி. அந்த வெயிலில் அதன் வாசனையே போதும்.

கமிஷன் கொஞ்சம் தயங்கினார்.

"குடிங்கோ கமிஷன் சாரே. கொழந்த மாதிரி முகம் வாடியிருக்கு. நானும் குடிக்கேன், பாருங்கோ" என்று ஒரு டம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார் அக்கா.

கமிஷன் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அண்ணாச்சியின் வக்கீல், எதிர்க்கட்சிக்காரர்தான், ஆனாலும் மனிதர், அவரும் குடித்தார். "இஞ்சி நல்லாருக்கு" என்றார்.

அக்கா அண்ணாச்சியிடமும் நீட்டினார். அண்ணாச்சி கையைக் கூப்பினார்.

"எனக்கு சக்கர வியாதி இரிக்கு தாயி. நீங்க குடிங்க."

மூடியைத் திரும்பப் போட்டார்கள். பூட்டினார்கள். சாவி அண்ணாச்சியின் இடுப்புக்குப் போனது. அன்று மாலை பஸ்ஸில் செய்தி அனுப்பினேன். எப்படி எழுதினேன் என்பது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் சொல்லப் போவதில்லை. தலைப்பைப் பிறகு நீங்களே கேட்பீர்கள்.

அடுத்த நாள் முற்பகலில் எனக்கு வயிறு கலங்கியது. மதியத்துக்குள் நடக்க முடியவில்லை. மாலையில் முகம் குழிவிழுந்து, கையின் தோல் சுருங்கி, குரல் போய்விட்டது. பகவதி ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தாள். வண்டிக்காரர் நோயைக் கேட்டதும் குதிரையை அவிழ்க்கத் தொடங்கினார். "அவரு கோர்ட்டு சாராக்கும்" என்றாள். என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே பொய் அது. வண்டி கிளம்பியது. எஸ்தர் அக்காவையும் அதே வண்டியில்தான் கிடத்தினார்கள்.

தொற்றுநோய் வார்டில் காலராக்காரர்களுக்குத் தனிக் கட்டில். கேன்வாஸ் துணி, நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. அதற்கு மேல் விவரிப்பது பத்திரிகை தர்மத்துக்கு ஆகாது. கையில் சலைன் ஏற்றினார்கள். ஏற்றியது எல்லாம் வாளிக்குப் போனது. மறுபடி ஏற்றினார்கள்.

கண் தெளிந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். கமிஷன். கறுப்புக் கோட்டு இல்லாமல் இன்னும் சிறுபிள்ளையாக இருந்தார். அதற்கு அடுத்த கட்டிலில் அண்ணாச்சியின் வக்கீல். வாதி, கோர்ட் கமிஷனர், பிரதிவாதியின் வக்கீல், மூவரும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி ஓட்டைக் கட்டிலில், ஒரே மாதிரி வாளிக்கு மேல். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை அவ்வளவு நேரடியாக நான் எங்கும் கண்டதில்லை.

துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. அங்கிருந்து பலவீனமாக ஒரு குரல் வந்தது.

"கமிஷன் சாரே. ரிப்போர்ட்டுல நாரங்கா வெள்ளத்த எழுதிராதியோ, கேட்டோ. எனக்க கச்சவடம் போவும்."

கச்சவடம் என்றால் வியாபாரம். சாகக் கிடக்கிற நிலையிலும் அக்காவுக்கு அதுதான்.

"எழுதமாட்டேன் சேச்சி" என்றார் கமிஷன்.

யாரும் சாகவில்லை. எங்களில் யாரும் சாகவில்லை என்பதால்தான் இதை இப்படி எழுத முடிகிறது.

கொஞ்சம் தேறிய பிறகு ஒருநாள், நர்ஸ் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வெளியே ஒரு முதலாளி கொடுத்துவிட்டுப் போனாராம். ஆரஞ்சுப் பழம். எல்லோருக்கும் பங்கு வைத்து, எங்கள் மூவருக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கும். சுற்றியிருந்தது எங்கள் பத்திரிகை. அண்ணாச்சி வேண்டுமென்று செய்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மண்டியில் பொட்டலம் மடிக்க அந்தப் பத்திரிகையைத்தான் வாங்குவார்கள். கமிஷனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் செய்தியைப் பார்த்துவிட்டேன், தாளைத் தலையணைக்கடியில் தள்ளப் போனேன். அதற்குள் அண்ணாச்சியின் வக்கீல் கை நீட்டி வாங்கிவிட்டார். அவர் தமிழர். கண்ணாடி இல்லாமல், தாளைத் தூரமாகப் பிடித்து, மெல்ல வாசித்தார்.

"ஆரியசாலைக் கிணற்று நீர் தூய்மையானது. நமது நிருபர் அருந்திக் காட்டினார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இங்கே கேட்டது. பிறகு கமிஷன். பிறகு அண்ணாச்சியின் வக்கீல், சிரிக்கப் பயந்து, வாளி காரணமாக.

அந்தத் தாளின் மறுபக்கத்தில், சாலைக்குப் பின்னால் அந்த வாரம் வாந்திபேதியில் இறந்தவர்களைப் பற்றி மூன்று வரி இருந்தது. கிணற்றுக்கு அரைப்பத்தி கொடுத்திருந்தார்கள். இரண்டையும் அனுப்பியவன் நான்தான்.

வார்டிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் லைன் வீட்டுக்குக் கூரை இல்லை.

எங்களுக்கு நோய் வந்ததும் சுகாதார இலாகா மற்றக் குடித்தனங்களை வெளியேற்றி, வீடுகளுக்கு மருந்தடித்தது. பகவதி நாகர்கோயிலுக்குப் பாத்திரங்களோடு போய்விட்டாள். மருந்தடித்தவர்கள் போன பிறகு அண்ணாச்சி ஆள் வைத்து கூரையைப் பிரித்திருந்தார். ஓடுகள் ஒன்றுகூட உடையாமல், சந்தின் ஓரத்தில் அழகாக அடுக்கியிருந்தன.

"என்ன அண்ணாச்சி இது?"

"வெயில் படட்டும்னுதான் தம்பி. வெயில் பட்டா கிருமி செத்துரும்னு சொன்னாவ. உங்க நல்லதுக்கு."

"எப்ப திரும்ப மேய்வீங்க?"

"நோய் அடங்கட்டும்."

மழை வந்தது. மண் சுவர். திருவனந்தபுரத்து மழைக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எஸ்தர் அக்காவின் அடுப்படிச் சுவர்தான் முதலில் சரிந்தது.

வக்கீலிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்டுக்கு வேற கேஸு போடணும் சாரே. நம்ம கேஸு கிணறல்லே?"

"போடுவோம்."

"போடலாம். பட்சே வீடு இல்லியே இப்ப. இல்லாத்த வீட்டுல குடியிருப்பு நிரூபிக்கணும், சாட்சி வேணும், நாள் ஆகும்." ஒரு கணம் யோசித்தார். "சந்தோஷம் என்னன்னா, கிணறு கேஸு நம்ம ஜெயிக்கும்."

ஜெயித்தோம். கமிஷனின் அறிக்கை நேர்மையாக இருந்தது. பார்வையிட்டபோது தண்ணீர் தெளிவாக இருந்தது, துர்நாற்றம் இல்லை, வாதி தரப்பினர் தன் முன்னிலையில் அருந்தினர் என்று எழுதியிருந்தார். பிறகு நடந்தது எதுவும் அதில் இல்லை. பார்வையிட்ட நேரத்துக்குப் பின் நடந்தது கமிஷனின் வரம்புக்குள் வராதாம். அண்ணாச்சி எதிர்ப்பு ஏதும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வாதிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மேற்படி கிணற்றில் தண்ணீர் எடுக்க உள்ள உரிமையைப் பிரதிவாதி எந்த விதத்திலும் தடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. நான் அன்று கோர்ட்டில்தான் இருந்தேன், மூலை பெஞ்சில். நாலு வரி அனுப்பினேன். அவர்கள் போடவில்லை.

நாங்கள் கரமனைப் பக்கம் ஒரு வீடு பிடித்தோம். எஸ்தர் அக்காவுக்கு எந்த வாசலும் கிடைக்கவில்லை. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் மாவரைக்கப் போனார். அவரிடம் புட்டு தின்ற மூட்டைக்காரர்கள் அந்த ஓட்டலுக்கு வர மாட்டார்கள். அங்கே பெஞ்சில் உட்கார வேண்டும், வேட்டியை இறக்கிவிட வேண்டும்.

ஒருநாள் ஓட்டல் பின்கட்டில் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சாரே, ஜெயிச்சோம்லா?"

"ஜெயிச்சோம் அக்கா."

"அப்ப ஒரு தடவையாவது அந்தக் கெணத்துல வெள்ளம் கோரணும். இல்லேன்னா எதுக்கு அந்த ஓட்டக் கட்டில்ல கெடந்தோம்?"

போனோம். லைன் வீடு இருந்த இடத்தில் கிடங்கு எழும்பியிருந்தது. உள்ளே மிளகாய் மூட்டை கூரை வரை. நடுமுற்றத்தில் எங்கள் கிணறு, புது மதில் கட்டி, வெள்ளை அடித்து. பவுடர் போட்டுச் சுத்தமாக வைத்திருந்தார்கள், வேலைக்காரர்கள் குடிப்பதற்கு. அண்ணாச்சியே எழுந்து வந்து கயிறும் வாளியும் எடுத்துக் கொடுத்தார்.

"கோரிக்கிடுங்க. கோர்ட்டு உத்தரவுல்லா. நான் தடுக்கப்பிடாது."

அக்கா வாளியை இறக்கினார். கை பழகின கை. தளும்பாமல் இழுத்தார். நிறைந்த வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். அவர் வீடு இருந்த பக்கமாக இரண்டு எட்டு நடந்தார். அங்கே மூட்டைகள். நின்றார்.

"சாரே" என்றார். "இத இனி எங்க கொண்டு போயி ஊத்தணும்?"

உத்தரவில் அது இல்லை. தண்ணீர் எடுக்கலாம் என்று இருந்தது, எங்கே கொண்டு போவது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நான் தும்மினேன். அக்காவும் தும்மினார். அண்ணாச்சி தும்மவில்லை.

"சாக்குல படாம ஊத்துங்க தாயி" என்றார், தன்மையாக.

அக்கா வாளியைக் கிணற்றுக்குள்ளேயே திரும்பக் கவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி, இருந்த இடத்தில் மாட்டினார். வெளியே வந்ததும், ஓட்டலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே போகவில்லை.

அன்றிரவு இதைப் பகவதியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது நான் ரிட்டயர்டு. கரண்டு ஆபீஸோடு சண்டை போட்டு மீட்டரை மாற்ற வைத்திருக்கிறேன். குடியிருப்புச் சங்கத்தில் விதியைக் காட்டித் தலைவரை இறக்கியிருக்கிறேன். பென்ஷன் விஷயத்தில் மூன்று ஆபீஸ் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து பகவதி கேட்பாள்.

"ஜெயிச்சாச்சா? சரி. வெள்ளத்த எங்க ஊத்தப் போறிய?"

மகள்களுக்கும் மருமகன்களுக்கும் அது பழகிவிட்டது. பேத்தி இங்கே பிறந்து வளர்ந்தவள், மலையாளப் பள்ளிக்கூடம், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அந்தக் கிணற்றை அவள் பார்த்ததில்லை, எஸ்தர் அக்காவையும் பார்த்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பாட்டி மாதிரியே, பிழையில்லாமல் சொல்லுவாள்.